மெயிலின் அடியில் தொங்கும் எச்சரிக்கை யாரைக் கட்டுப்படுத்துகிறது?

கொழும்பில் ஒரு வங்கியிலிருந்தோ காப்புறுதிக் கம்பனியிலிருந்தோ வந்த மெயில் ஒன்றை எடுத்துப் பாருங்கள். "சரி, நாளைக்கு அனுப்புகிறோம்" என்று ஒரு வரிப் பதில் இருக்கும். அதற்குக் கீழே பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் ஒரு நீண்ட பந்தி: இந்த மின்னஞ்சல் இரகசியமானது, உரியவரைத் தவிர வேறு யாரும் வாசிக்கக்கூடாது, தவறி வந்திருந்தால் அழித்துவிட்டு எங்களுக்கு அறிவியுங்கள், பிரதியெடுப்பதும் பகிர்வதும் சட்டவிரோதம், வைரஸ் வந்தால் நாங்கள் பொறுப்பல்ல, இதிலுள்ள கருத்து கம்பனியின் கருத்தாக இருக்கத் தேவையில்லை. இதை யாரும் வாசிப்பதில்லை. ஆனால் இப்படி ஒன்று இருக்கிறதே என்ற தைரியத்தில்தான் அடையாள அட்டைப் பிரதி, சம்பளப் பட்டியல், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம் என்று எல்லாம் தினமும் மெயிலில் போய் வருகின்றன. அந்தத் தைரியத்துக்கு ஆதாரம் மிகக் குறைவு. ஏதாவது கசிந்தால் பாதிக்கப்படுவது அந்த அடையாள அட்டையின் சொந்தக்காரர், அப்புறம் 'அனுப்பு' பொத்தானை அழுத்திய கடைநிலை உத்தியோகத்தர். அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

இந்த எச்சரிக்கை ஃபேக்ஸ் காலத்திலிருந்து வந்தது. ஃபேக்ஸின் முதல் தாளில் இது இருக்கும். எடுப்பவர் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கும் முன்னமே இதைப் பார்த்துவிடுவார், அதனால் அங்கே அதற்கு ஓரளவு அர்த்தம் இருந்தது. மெயிலுக்கு வந்தபோது அது அடிக்குப் போய்விட்டது, முழுவதையும் வாசித்து முடித்த ஒருவரிடம் "வாசிக்காதீர்கள்" என்று சொல்லும் இடத்துக்கு. இது பெருகியதற்கு வழக்குப் பயமும் ஒரு காரணம். 1997இல் பிரித்தானியாவில் நோர்விச் யூனியன் என்ற காப்புறுதிக் கம்பனியின் ஊழியர்கள் தங்களுக்குள் அனுப்பிய மெயில்களில் ஒரு போட்டிக் கம்பனி முறியப்போகிறது என்ற மாதிரி எழுதியிருந்தார்கள். அவதூறு வழக்கு வந்து, 4,50,000 பவுண் கொடுத்துத்தான் அது தீர்ந்தது. அதற்குப் பிறகு "இதிலுள்ள கருத்து எங்கள் கருத்தல்ல" என்ற வரியைச் சேர்க்கச் சொல்லாத சட்டத்தரணி குறைவு. கொழும்புக் கம்பனிகள் வெளிநாட்டுத் தாய்க் கம்பனியிடமிருந்தோ பக்கத்துக் கட்டடக்காரரிடமிருந்தோ அதையே எடுத்து ஒட்டிக்கொண்டன. சில இடங்களில் அந்தப் பந்தியில் வேறு நாட்டுச் சட்டத்தின் பெயர்கூட அப்படியே இருக்கும்.

சரி, சட்டம் இதை மதிக்கிறதா?

அடிப்படையிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. ஒருவர் தன்பாட்டில் ஒரு நிபந்தனையை எழுதி, கேட்காமல், இன்னொருவருக்கு அனுப்பிவிட்டால் அது ஒப்பந்தம் ஆகாது. மற்றவர் ஒத்துக்கொள்ள வேண்டும். மெயில் வந்து சேர்ந்ததை ஒத்துக்கொண்டதாக எடுக்க முடியாது. இரகசியத்தைக் காக்கும் கடமை வேறு இடத்திலிருந்து பிறக்கிறது. 1969இல் இங்கிலாந்தில் ஒரு மொபெட் எஞ்சின் வடிவமைப்பைப் பற்றிய வழக்கில் நீதிமன்றம் மூன்று விடயங்களைக் கேட்டது: அந்தத் தகவல் உண்மையிலேயே இரகசியத் தன்மை உள்ளதா, இரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்று புரியக்கூடிய சூழ்நிலையில் கொடுக்கப்பட்டதா, அனுமதியில்லாமல் பயன்படுத்தப்பட்டதா. ஆங்கிலச் சட்ட மரபில் இன்றைக்கும் இதைத்தான் திரும்பத் திரும்ப எடுக்கிறார்கள். இலங்கையில் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் 160ஆம் பிரிவு வெளியிடப்படாத வணிகத் தகவலைப் பாதுகாக்கிறது. வங்கி ஊழியர் வாடிக்கையாளர் விவரத்தை வெளியே சொல்லக்கூடாது என்பதை 1988ஆம் ஆண்டு 30ஆம் இலக்க வங்கித்தொழில் சட்டத்தின் 77ஆம் பிரிவு சொல்கிறது. சட்டத்தரணியிடம் நீங்கள் சொன்னதைக் காப்பது சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 126ஆம் பிரிவு. இவை ஒவ்வொன்றும் உறவிலிருந்து வரும் கடமைகள், மெயிலின் அடியில் பந்தி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அப்படியே இருக்கும்.

இரகசியமாக வைத்திருக்க வேண்டிய சூழ்நிலையைக் காட்டும் அடையாளமாக எச்சரிக்கை கொஞ்சம் உதவலாம் என்று வாதிடலாம்தான். ஆனால் மதியச் சாப்பாட்டு ஓடருக்கும் அதே எச்சரிக்கை, இரண்டு கம்பனிகளை இணைக்கும் ஒப்பந்த வரைவுக்கும் அதே எச்சரிக்கை என்றால், எது உண்மையில் இரகசியம் என்று அனுப்பியவருக்கே வித்தியாசம் தெரியவில்லை என்றுதானே நீதிபதி நினைப்பார்? நியூயோர்க்கில் 2007இல் இதற்குக் கிட்டத்தட்ட நேரடியான பதில் கிடைத்தது. ஒரு வைத்தியர் தன் மருத்துவமனைக்கு எதிராக வழக்குப் போடுவதற்காகச் சட்டத்தரணியோடு பேசியதையெல்லாம் அதே மருத்துவமனையின் மெயில் கணக்கில் செய்திருந்தார். மருத்துவமனையின் கொள்கை, இந்தக் கணக்கில் எதுவும் தனிப்பட்டதல்ல, நாங்கள் பார்க்கலாம் என்று முன்னமே சொல்லியிருந்தது. சட்டத்தரணியின் மெயில்களின் அடியில் இருந்த வழக்கமான இரகசிய எச்சரிக்கை போதாது என்று நீதிமன்றம் சொல்லி, சட்டத்தரணிக்கும் கட்சிக்காரருக்கும் இடையிலான இரகசியப் பாதுகாப்பையே மறுத்துவிட்டது. எச்சரிக்கையும் கொள்கையும் மோதியபோது நின்றது கொள்கை.

2014 ஜூனில் நடந்ததையும் பாருங்கள். கோல்ட்மன் சாக்ஸுக்காக வேலை செய்த ஒரு ஒப்பந்தக்காரர் வாடிக்கையாளர்களின் கணக்கு விவரம் கொண்ட அறிக்கையை வங்கியின் சொந்த முகவரிக்கு அனுப்பாமல் அதே பெயருள்ள ஒரு ஜிமெயில் முகவரிக்கு அனுப்பிவிட்டார். மெயில் போட்டுக் கேட்டும் அந்தப் பக்கத்திலிருந்து பதிலில்லை. கடைசியில் கூகுளிடம் போய், நீதிமன்றத்துக்கும் போய்த்தான் அந்த மெயிலைத் திறக்க முடியாமல் பண்ண முடிந்தது. உலகத்திலேயே பெரிய முதலீட்டு வங்கிகளில் ஒன்றுக்கே "தவறி வந்தால் அழித்துவிடுங்கள்" என்ற வரி உதவவில்லை.

அரச நிறுவனங்களுக்கு இன்னொரு விடயம் உண்டு. 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டத்தில் 'தகவல்' என்பதற்குள் மின்னஞ்சலும் அடங்கும் என்று தெளிவாகவே இருக்கிறது. ஒரு திணைக்கள அதிகாரி தன் மெயிலின் கீழ் இரகசியம் என்று போட்டுவிட்டதால் மட்டும் அதை ஒரு பிரஜைக்கு மறுக்க முடியாது. மறுக்க வேண்டுமென்றால் சட்டத்தில் உள்ள விதிவிலக்குகளில் ஒன்றைக் காட்ட வேண்டும்.

எச்சரிக்கைப் பந்தி முழுவதும் வீண் என்று சொல்லவில்லை. "கையெழுத்திட்ட எழுத்து ஒப்பந்தம் வரும்வரை இந்தப் பேச்சு எங்களைக் கட்டுப்படுத்தாது" என்ற வரி பேரம் பேசும் மெயிலில் இருந்தால் அதற்குப் பெறுமதி உண்டு, ஏனென்றால் அது மற்றவருக்குக் கட்டளை போடவில்லை, அனுப்புபவரின் எண்ணத்தைச் சொல்கிறது. இலங்கையில் இது முக்கியம். 2006ஆம் ஆண்டு 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டத்தின்படி மெயிலில் கேட்டு மெயிலில் ஒத்துக்கொண்டாலும் ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். காணி விற்பனை, மரண சாசனம், அற்றோர்னித் தத்துவம் போன்ற சிலவற்றுக்குத்தான் அது பொருந்தாது. இங்கிலாந்தில் 2012இல் மேன்முறையீட்டு நீதிமன்றம், தொடர்ச்சியாகப் போய்வந்த மெயில்களும் கடைசியில் தட்டச்சிட்ட ஒரு பெயரும் சேர்ந்தாலே ஒரு பெரிய கப்பல் பேரத்துக்கான உத்தரவாதம் ஆகிவிடும் என்றது. 2019இல் மான்செஸ்டரில் ஒரு நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது: சட்டத்தரணியின் மெயிலில் தானாகவே சேரும் பெயரும் பதவியும் உள்ள அந்த அடிக்குறிப்பே காணி ஒப்பந்தத்துக்குக் கையெழுத்தாகும் என்று தீர்த்தது. மெயிலின் அடியில் ஓட்டோமெற்றிக்காக என்ன போகிறது என்பதை நிர்வாகம் உட்கார்ந்து வாசிக்க வேண்டியதற்கு இதைவிடக் காரணம் தேவையில்லை.

இனி மெயில் என்ற தொழில்நுட்பத்துக்கு வருவோம். மெயிலை ஒரு சேர்வரிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும் முறை 1982இல் எழுதப்பட்டது. அதில் பூட்டு என்ற ஒன்றே இல்லை. அனுப்புபவர் யார் என்று சரிபார்ப்பதும் இல்லை. 1999இல்தான் போகும் வழியை மறையாக்கும் முறை வந்தது. அதுவும் இரண்டு பக்கமும் ஒத்துழைத்தால்தான், மற்ற சேர்வருக்கு அது தெரியாவிட்டால் பெரும்பாலும் பூட்டில்லாமலே போய்விடும். பூட்டிப் போனாலும் போய்ச் சேர்ந்த சேர்வரில் திறந்தபடிதான் கிடக்கும். வழியில் ஒட்டுக்கேட்பவரைவிட, கடவுச்சொல்லைத் திருடி இன்பொக்ஸுக்குள்ளேயே உட்கார்ந்திருப்பவர்தான் இன்றைக்குப் பெரிய ஆபத்து.

அப்படியானால் பிடிஎஃப்புக்குக் கடவுச்சொல் போட்டு அனுப்பலாமே என்பார்கள். நல்ல யோசனை, ஆனால் நாங்கள் அதைச் செய்யும் விதம் மனதை வருத்துகிறது. பல இடங்களில் அந்தக் கடவுச்சொல் வாடிக்கையாளரின் தேசிய அடையாள அட்டை இலக்கம். பழைய அட்டையில் ஒன்பது இலக்கங்கள்: முதல் இரண்டு பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று ஆண்டின் எத்தனையாவது நாள், பெண்களுக்கு அதோடு 500 கூட்டப்படும். ஆக, ஒருவரின் பிறந்த நாள் தெரிந்தால் (பேஸ்புக்கில் வாழ்த்துச் சொல்லும் எல்லோருக்கும் தெரியும்) மிஞ்சுவது நான்கு இலக்கம், அதாவது கூடினால் 10,000 சாத்தியங்கள். சாதாரண லப்டொப்புக்கே அது ஒரு வேலையில்லை. 2016இல் வந்த பன்னிரண்டு இலக்க முறையிலும் பிறந்த ஆண்டும் நாளும் தெரிந்தால் ஐந்து இலக்கம்தான் மிச்சம். இதில் அந்த அடையாள அட்டையின் பிரதியையே அதே மெயில் தொடரில் முதலில் வாங்கியிருப்பார்கள். கடவுச்சொல் வேறாக இருக்க வேண்டும், வேறு வழியில் போக வேண்டும். தொலைபேசியில் சொல்லலாம், குறுஞ்செய்தியில் அனுப்பலாம். இவ்வளவுதான் செலவு.

கொழும்பில் உண்மையாகப் பணம் பறிபோகக்கூடிய இடம் இன்வாய்ஸ். புறக்கோட்டையில் சீனாவிலிருந்தோ இந்தியாவிலிருந்தோ சாமான் இறக்கும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். விலை, அளவு, கப்பல் திகதி எல்லாம் மெயிலில் பேசுவார்கள், பணம் 'டிடி'யாக, அதாவது வங்கியிலிருந்து வங்கிக்கு நேரே அனுப்பும் தந்திப் பரிமாற்றமாகப் போகும். அனுப்புபவரின் மெயிலோ வாங்குபவரின் மெயிலோ, ஏதோ ஒன்றுக்குள் கள்ளன் புகுந்துவிடுகிறான். புகுந்தவுடன் எதையும் தொடமாட்டான். வரும் மெயில்களின் பிரதி தனக்கும் போகும்படி ஒரு விதியைப் போட்டுவிட்டு வாரக்கணக்கில் காத்திருப்பான், யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள், எந்த இன்வாய்ஸ் எப்போது வரும் என்று படிப்பான். சரியான நாளில் ஒரு மெயில் வரும்: எங்கள் கணக்கில் கணக்காய்வு நடக்கிறது, இந்த முறை மட்டும் இந்தப் புதிய கணக்குக்குப் போடுங்கள். லெட்டர்ஹெட் அதே, முத்திரை அதே, அடியில் தொங்கும் இரகசிய எச்சரிக்கையும் அதே, ஒரு சொல் குறையாமல். முகவரியில் ஒரு எழுத்து மட்டும் மாறியிருக்கும், சில நேரம் அதுகூட மாறியிருக்காது. நாணயக் கடிதத்தில், அதாவது எல்சி திறந்து வாங்கும்போது, பணம் யாருக்கு என்பது வங்கிப் பத்திரத்தில் கட்டுண்டிருப்பதால் இந்த வித்தை கஷ்டம். டிடியில் சுலபம். இந்த வகை மோசடியில் 2023இல் மட்டும் அமெரிக்காவின் எஃப்பிஐயிடம் 21,489 முறைப்பாடுகள் வந்தன, இழப்பு சுமார் 290 கோடி டொலர்.

2016 பெப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கியின் பணம் திருடப்பட்டதில் கொழும்பும் சம்பந்தப்பட்டது. அமெரிக்கா பின்னர் போட்ட குற்றச்சாட்டின்படி, வேலை தேடி எழுதுவது போன்ற மெயில்களை வங்கி ஊழியர்களுக்கு அனுப்பித்தான் திருடர்கள் உள்ளே புகுந்தார்கள். 8.1 கோடி டொலர் பிலிப்பைன்ஸுக்குப் போனது. 2 கோடி டொலர் இங்கே ஒரு அமைப்பின் கணக்குக்கு வர இருந்தது, பெயரில் இருந்த ஒரு எழுத்துப் பிழையை வழியிலிருந்த வங்கி கவனித்துக் கேள்வி கேட்டதால் அது நின்றது. யாரோ ஒரு ஊழியர் நின்று கவனித்து, "இது சரியா?" என்று கேட்டார். எனக்கு இந்த முழுக் கதையிலும் முக்கியமாகப் படுவது அந்தக் கேள்விதான்.

எங்கள் அலுவலகங்களில் அந்தக் கேள்வியைக் கேட்பது சுலபமா? முதலாளி மெயில் போட்டிருக்கிறார், அவசரம் என்கிறார், மீட்டிங்கில் இருக்கிறேன் கோல் எடுக்காதே என்கிறார். கணக்குப் பகுதியில் இருக்கும் பிள்ளைக்கு வயது இருபத்திரண்டு. திரும்ப எடுத்து "சேர், இது நீங்கள் அனுப்பியதா?" என்று கேட்டால் கோபிப்பாரோ என்ற பயம். மோசடிக்காரன் கணினியைவிட இந்தப் பயத்தைத்தான் அதிகம் பயன்படுத்துகிறான். ஆகவே ஒரு மெயில் கொள்கை எழுதுவதானால் முதல் வரி முதலாளியின் வாயிலிருந்து வர வேண்டும்: பணம் போகும் கணக்கு மாறினால் எந்த நேரமென்றாலும் எனக்கு கோல் எடு, ஏசமாட்டேன். அடுத்தது, தவறான இணைப்பைத் திறந்துவிட்டேன் என்று ஓடிவந்து சொல்லும் ஊழியரைத் தண்டிக்கக்கூடாது. தண்டித்தால் அடுத்தவர் மறைப்பார். மறைத்த அந்த இரண்டு நாட்களில்தான் எல்லாம் போகும்.

தொழில்நுட்பப் பக்கத்தில் செய்யக்கூடியவை மலிவானவை. உங்கள் கம்பனியின் டொமைன் பெயரில் (முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயர்) வேறு யாரும் மெயில் அனுப்பாமல் தடுக்க எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்று மூன்று பதிவுகள் இருக்கின்றன. முதலாவது எந்தச் சேர்வர் அனுப்பலாம் என்று சொல்லும், இரண்டாவது ஒவ்வொரு மெயிலிலும் ஒரு டிஜிட்டல் முத்திரை போடும், மூன்றாவது இரண்டும் பொருந்தாவிட்டால் என்ன செய்வது என்று பெறுபவருக்குச் சொல்லும். 2024 பெப்ரவரியிலிருந்து தினம் 5,000க்கு மேல் ஜிமெயிலுக்கு அனுப்புபவர்களிடம் கூகுள் இவை மூன்றையும் கட்டாயமாகக் கேட்கிறது, யாஹூவும் மொத்தமாக அனுப்புபவர்களிடம் அதையே கேட்கிறது. பலர் டிமார்க்கைப் போட்டுவிட்டு 'ஒன்றும் செய்யாதே' என்ற நிலையிலேயே வைத்திருக்கிறார்கள், 'நிராகரி' என்ற நிலைக்கு மாற்றினால்தான் பலன். ஒரு எழுத்து மாற்றிய வேறு டொமைனை இது பிடிக்காது, அதற்கு மறுபடியும் தொலைபேசிதான். இதோடு இரண்டு படி உள்நுழைவும், மாதம் ஒருமுறை மெயில் பெட்டியின் 'விதிகள்' பகுதியைத் திறந்து தெரியாத ஃபோர்வேர்ட் ஏதும் இருக்கிறதா என்று பார்ப்பதும் போதும், பெரும்பாலான சின்ன அலுவலகங்களுக்கு.

தவறான ஆளுக்குப் போவது தனி வியாதி. முகவரியில் இரண்டு எழுத்து அடித்தவுடன் மெயில் தானாக ஒரு பெயரை நிரப்புகிறது, எங்கள் ஊரில் ஒரே முதல் பெயரில் எத்தனை பேர்! பிரித்தானியப் பாதுகாப்பு அமைச்சு 2021இல் ஆப்கானிஸ்தானிலிருந்து வெளியேறக் காத்திருந்தவர்களுக்கு ஒரு மெயில் அனுப்பியபோது முகவரிகளை மறைக்கும் பிசிசியில் போடாமல் எல்லோருக்கும் தெரியும்படி போட்டுவிட்டது. தலிபான் தேடிய ஆட்களின் முகவரிகள் அவை. அந்த அமைச்சுக்கு 2023 டிசம்பரில் 3,50,000 பவுண் அபராதம். நூறு விண்ணப்பதாரர்களுக்கு ஒரே மெயில் போடும் எந்த அலுவலகமும் அதற்கென்று உள்ள மென்பொருளைத்தான் பயன்படுத்த வேண்டும், பிசிசியை நம்பியிருக்கக்கூடாது. ஜிமெயிலில் அனுப்பியதை நிறுத்தும் நேரத்தை 30 வினாடியாக்கி வைப்பது இலவசம். அவுட்லுக்கின் திரும்ப அழைக்கும் வசதி வெளியே போன மெயிலை மீட்காது, அதை நம்ப வேண்டாம்.

இலங்கையில் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்தக் கணக்கை மாற்றப் போகிறது. அதன் முக்கியப் பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வர இருந்து தள்ளிப்போயின, ஆனாலும் ஒரு மீறலுக்கு ஒரு கோடி ரூபா வரை தண்டப்பணம் என்ற ஏற்பாடு அதில் இருக்கிறது. அங்கே கேட்கப்படும் கேள்வி, தரவைக் காக்க நீங்கள் என்ன செய்தீர்கள் என்பது. தவறிப் பெற்றவரிடம் அழிக்கச் சொன்னோம் என்பது அதற்குப் பதிலாகாது.

பாதுகாப்பு என்றால் களவு மட்டும்தான் என்றும் நினைக்கக்கூடாது. 2023 ஓகஸ்ட்டில் இலங்கை அரச மேகக் கணினியின் மெயில் சேவையை ரான்சம்வெயார் (கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் மென்பொருள்) தாக்கியபோது சுமார் 5,000 அரச முகவரிகள் பாதிக்கப்பட்டன, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மெயில்கள் திரும்பவில்லை. அந்தக் காலத்துக்குத் தனியாகப் பிரித்து வைத்த பிரதி இருக்கவில்லை, ஓடிய மென்பொருளும் ஆதரவு முடிந்த பழைய பதிப்பு. ஒரு நாட்டின் அமைச்சரவை அலுவலகம் வரைக்கும் மூன்று மாதத்துக்கு மேலான கடிதப் போக்குவரத்து போய்விட்டது. யாரிடம் வாரம் ஒருமுறையாவது வெளியே எடுத்து வைத்த பிரதி இருக்கிறது என்று உங்கள் அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

கண்காணிப்பைப் பற்றியும் ஊழியரிடம் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ருமேனிய ஊழியர் ஒருவரின் வழக்கில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2017இல், எந்த அளவுக்குப் பார்ப்பார்கள் என்று முன்கூட்டியே சொல்லாமல் ஒருவரின் செய்திகளைப் பார்த்தது அவரது தனியுரிமையை மீறியது என்று தீர்த்தது. எங்கள் அரசியலமைப்பில் தனியுரிமை என்று நேரடியாக எழுதப்பட்ட உரிமை இல்லை, அதனால் இங்கே ஊழியருக்குக் கிடைக்கக்கூடியது பெரும்பாலும் கம்பனி தன் கொள்கையில் எழுதிவைத்ததுதான். எழுதும்போது சிங்களத்திலும் தமிழிலும் எழுதுங்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளில் ஆங்கிலத்தில் முப்பது பக்கம் கொடுத்துக் கையெழுத்து வாங்குவது யாருக்கும் அறிவித்தல் ஆகாது.

அடிக்குறிப்பு வேண்டாமா என்றால், வேண்டும், சின்னதாக. 2007ஆம் ஆண்டு 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம் வணிகக் கடிதங்களில் கம்பனியின் பெயரும் பதிவு இலக்கமும் இருக்க வேண்டும் என்கிறது, அவை இருக்கட்டும். பதினைந்து வரி மிரட்டலை எடுத்துவிட்டு மூன்று மொழியிலும் ஒரு வரி போடலாம்: எங்கள் வங்கிக் கணக்கு மாறியதாக மெயில் வந்தால் பணம் போடாமல் எங்களைக் கூப்பிட்டுக் கேளுங்கள். அந்த வரியில் மட்டும் தொலைபேசி இலக்கத்தைப் போடாதீர்கள். மெயிலைப் போலி செய்பவன் அந்த இலக்கத்தையும் மாற்றிவிடுவான், உங்கள் வாடிக்கையாளர் எடுத்தால் பேசுவது அவனாகத்தான் இருக்கும். பழைய பற்றுச்சீட்டில் அச்சடித்திருக்கும் இலக்கத்துக்கு எடுங்கள் என்று சொல்லுங்கள்.